ஒரே கிண்ணியில் மூன்று மாத்திரை

கர்ப்பமாக இருந்தபோது நான் மாத்திரை விழுங்குவதை எங்கள் தெருவே பார்த்தது. அது என் மாமியார் செய்த ஏற்பாடு. காலையில் பல் தேய்த்துவிட்டு வந்ததும், டீ கூடக் குடிக்கும் முன், வாசல்படியில் என்னை உட்காரச் சொல்வார். ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணியை நீட்டுவார். அதில் மூன்று மாத்திரைகள் கிடக்கும். சிவப்பாக இருப்பது இரும்புச்சத்து. தடியாக, வெள்ளையாக இருப்பது கால்சியம். இவை இரண்டும் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சுகாதார நிலையத்தில் கொடுப்பவை. மூன்றாவதும் வெள்ளைதான். அது எச்.ஐ.வி.க்கான மாத்திரை.

குழாயடிக்குப் போகிற பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பேசுவார்கள்.

"இன்னாக்கா, மருமவளுக்கு மாத்திரையா?"

"ஆமாம்மே. இந்தக் காலத்துப் பொண்ணுங்க உடம்புல ரத்தம் எங்க கீது? நாங்கல்லாம் நடவு நட்டுக்கினே பெத்துப் போட்டோம்."

அவர்கள் சிரிப்பார்கள். நான் மூன்றையும் வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நானும் சிரிப்பேன்.

மாமியார் இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். "ஒளிச்சி ஒளிச்சித் துன்னா இன்னா ஏதுன்னு மோப்பம் புடிப்பாளுங்க. நாலு பேரு பார்க்க முழுங்கு. மாசமா கீற பொம்பள மாத்திரை துன்றதுல எவளுக்கு இன்னா சந்தேகம் வரும்?"

மாத்திரை கொடுத்த இடத்தில் வேறு மாதிரி ஏதோ சொன்னார்கள் என்று எனக்கு லேசான ஞாபகம் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல், என்று. ஆனால் அதைச் சொன்ன நாளில்தான் எனக்கு இந்த நோய் இருக்கிறது என்றும் சொன்னார்கள். அன்றைக்கு நான் எதைக் காதில் வாங்கினேன், எதை விட்டேன் என்று இன்றும் தெரியாது. ஒரு தடவை மாமியாரிடம், "அத்தை, இதைத் தனியா போடணும்னு சொன்ன மாதிரி இருக்கு" என்றேன்.

"எல்லாம் ஒரே வயித்துக்குத்தான போவுது?" என்றார்.

மறுநாளும் மூன்றையும் சேர்த்தே விழுங்கினேன். சொன்னபடி செய்வது எனக்குப் பழக்கம்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம். காலையில் துணி உலர்த்தினால் சாயங்காலம் கரித்தூளோடு எடுத்து உதற வேண்டும். என் கணவர் ஒரு இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு முன் அத்திப்பட்டு பக்கம் மின்நிலைய வேலையில் பல வருடம் தங்கியிருந்தார். அந்த வருடங்களைப் பற்றி அவர் பேசியதில்லை. நான் கேட்டதும் இல்லை. கேட்டிருக்கலாமோ என்று இப்போது நினைக்கிறேன். கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பார்?

கர்ப்பத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் அவருக்கும் பார்த்தார்கள். அவருக்கும் இருந்தது. எனக்கு முதலில் தெரிந்தது, அவருக்குப் பிறகு தெரிந்தது. இந்த வரிசை போதும், வீட்டில் தீர்ப்பு எழுத. நான் கொண்டுவந்தேன், அவர் வாங்கிக்கொண்டார்.

"காலேஜுக்குப் போறேன் காலேஜுக்குப் போறேன்னு ரயில்ல போய்க்கினு வந்துகினு இருந்தவ தான" என்றார் மாமியார். மூன்று வருடம் சென்னைக்கு ரயிலில் போய் நான் விலங்கியல் படித்தேன். அந்தப் பட்டத்துக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே பயன் இதுதான்.

சோழவரத்தில் இருக்கிற என் அப்பாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். வேறு யாரிடமாவது சொன்னேனா என்று கேட்டார். பிறகு, "தங்கச்சி கல்யாணம் முடியுற வரைக்கும் இந்தப் பக்கம் வராதம்மா" என்றார். "சரிப்பா" என்றேன். தங்கச்சிக்கு அப்போது மாப்பிள்ளையே பார்க்கவில்லை.

வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். என் கணவருக்குத் தனித் தட்டு கிடையாது. அவருடைய மாத்திரையை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கேஸ் மாத்திரை என்று சொல்லி, பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார். அம்மா பிசைந்த சோற்றை அம்மா கையாலேயே வாங்கிச் சாப்பிடுவார். ஒரே நோய், ஒரே மாத்திரை. மாமியார் கண்ணுக்கு அவருடையது வந்து போகிற சளி மாதிரி, என்னுடையது பிறவிக் குணம் மாதிரி.

மகள் பிறந்தாள்.

பிரசவத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் என் ரத்தத்தில் வைரஸ் முழுதாக அடங்கியிருக்கவில்லை. மருந்து ஆரம்பித்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது, போகப் போக அடங்கும் என்றார்கள். அதுவரை தாய்ப்பால் வேண்டாம், பவுடர் பால் கொடுங்கள் என்றார்கள். குழந்தைக்கு வராமல் தடுக்க ஒரு சிரப்பும் கொடுத்தார்கள். அவளை அடிக்கடி கூட்டிவர வேண்டும், ரத்தம் எடுத்துப் பார்ப்போம், ஒன்றரை வயதில் எடுப்பதுதான் கடைசிப் பரிசோதனை, அதில் இல்லை என்று வந்தால் இல்லவே இல்லை என்றார்கள்.

மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டது. குழந்தை அழும் சத்தம் கேட்டாலே பால் ஒழுகி ரவிக்கை நனையும். பின்பக்கம் சாக்கடை ஓரம் குந்தி, பாலைப் பீய்ச்சி விடுவேன். கொசுக்கள் மொய்க்கும். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டாள். மாமியார் முந்திக்கொண்டார்.

"பாலே இல்லம்மே அவளுக்கு. சொம்மா மூஞ்சி கழுவிக்கினு கீறா. எல்லாம் வறண்ட ஜென்மம்."

என் கையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு அறை உண்டு. பழைய சைக்கிள், உரச்சாக்கு, கணவர் ஆலையிலிருந்து கொண்டுவந்த இரும்புத் துண்டுகள் எல்லாம் அங்கே கிடந்தன. அவற்றை ஒரு ஓரமாகத் தள்ளி எனக்கும் குழந்தைக்கும் இடம் கொடுத்தார்கள். "கடைசி டெஸ்ட்டு வரட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார் மாமியார். அதுவரை குழந்தையை அவர் தூக்க மாட்டார். காது குத்தவில்லை, மொட்டை போடவில்லை. யாராவது பார்க்க வந்தால், "புள்ள தூங்குது" என்று வாசலோடு அனுப்பிவிடுவார். அவளும் என்னைப் போலத்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார். கடைசிப் பரிசோதனை அதை ஊர்ஜிதம் செய்தால் போதும்.

நான் அந்த அறையில் அவளோடு வாழ்ந்தேன். வெயிலில் கூரை கொதிக்கும். அவள் முதுகில் வேர்க்குரு வெடித்து, நான் விசிறிக்கொண்டே இருப்பேன். பொம்மை என்று யாரும் வாங்கித் தரவில்லை. என் மாத்திரை பாட்டில் காலியானால், மாமியார் லேபிளைச் சுரண்டிவிட்டுத் தூக்கிப் போடுவார். அதில் நாலு புளியங்கொட்டை போட்டு மூடி அவள் கையில் கொடுத்தேன். கிலுகிலு என்று ஆட்டிக்கொண்டே இருப்பாள். பிறகு நிஜ மாத்திரை பாட்டிலை நான் எடுத்தாலும் அந்தச் சத்தத்துக்குத் தவழ்ந்து வந்து கையை நீட்டுவாள்.

ஒவ்வொரு முறை அவளுக்கு ரத்தம் எடுக்கும்போதும் நான் ஒன்றைத்தான் கேட்டேன். அவளுக்கு மட்டும் இருக்கக் கூடாது. கோயிலில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், அடுப்பு ஊதும்போது கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. இல்லை, இல்லை என்றே வந்துகொண்டிருந்தது. "கடைசி டெஸ்ட்டு வரட்டும்" என்றார் மாமியார்.

அவள் குப்புறக் கவிழ்ந்து தவழ ஆரம்பித்த சமயம், என்னுடைய ரத்தத்தைப் பார்த்தார்கள். அடங்கவில்லை. அடங்காதது மட்டுமில்லை, ஏறியிருந்தது. டாக்டரை வந்து பார்க்கச் சொன்னார்கள்.

அந்தத் தடவை மாமியார் தானும் வருவேன் என்று கிளம்பினார். கவரைப்பேட்டையில் பஸ் மாறி, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். குழந்தை என் மடியில். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மாமியார் என்னோடு உட்காராமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அவர் பேச ஆரம்பிக்கும் முன் மாமியார் ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, எம் புள்ளைக்கி இதே மாத்திரையில அடங்கிப் பூட்ச்சி. இவளுக்கு அடங்கலன்றீங்க. அப்பன்னா ரெண்டும் வேற வேற கிருமிதான?"

"ஒரே இடத்துலேர்ந்து வந்ததா இருந்தாலும் வேற வேற உடம்புல வேற வேற மாதிரி மாறும்மா."

"அதான் கேக்கறேன். எம் புள்ளய்து சாதுவான கிருமி. இவள்து மொரடு. யாரு யாருக்குக் குடுத்ததுன்னு இதுலேர்ந்து தெரியுமா தெரியாதா?"

"தெரியாது. நாங்க அதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்திருக்கலை" என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மாத்திரை விடாமப் போடுறீங்களா?"

என்னை முந்திக்கொண்டு மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு நாள் உட்டதில்ல. நான்தான் என் கையால குடுக்கறேன். காலைல எழுந்ததும் வெறும் வயித்துல, சத்து மாத்திரையோட சேர்த்து, கிண்ணில போட்டுக் குடுத்துடுவேன். எதிர்ல நின்னு முழுங்க வெச்சிட்டுத்தான் அந்தாண்ட போவேன்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"எந்த சத்து மாத்திரை?"

"செவப்பு ஒண்ணு, சுண்ணாம்பு ஒண்ணு."

"இப்பவுமா?"

"கொழந்த பொறந்தப்புறமும் போடணும்னாங்களே. போட்டுக்கினுதான் கீறா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மெதுவாக என்னிடம் விளக்கினார். வெறும் வயிற்றில் இரும்பும் கால்சியமும் சேர்ந்து போனால், எச்.ஐ.வி. மாத்திரையில் இருக்கிற முக்கியமான மருந்தை அவை பிடித்துக்கொள்ளுமாம். மருந்து ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியே போய்விடுமாம். நான் ஒரு நாளும் தவறாமல் விழுங்கியிருக்கிறேன். ஒரு நாளும் முழுதாக எனக்குச் சேரவில்லை.

"உங்க உடம்புல இருக்கிறது ஒரே வைரஸ் இல்லை, தெரியுமா?" என்றார். "அது தன்னை நகல் எடுக்கும்போதெல்லாம் பிழை விடும். பிழையோட பிறந்தது திரும்ப நகல் எடுக்கும். உள்ள ஒரு கூட்டமே இருக்கும், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. மருந்து முழுசா இருந்தா எதாலயும் பெருக முடியாது. அரைகுறையா இருந்தா, எதுக்கு அந்த மருந்து சரியாப் படலையோ அது மட்டும் தங்கிப் பெருகிடும். எளாவூர் செக்போஸ்ட்ல ஆள் முழிச்சிருந்தா ஒரு வண்டியும் தப்பாது. ஆள் பாதித் தூக்கத்துல இருந்தா? அந்த மாதிரிதான்."

எனக்குப் புரிந்தது. கல்லூரியில் மரபணு மாற்றம் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்கிறேன். ஒரு கூட்டத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறதோ அவ்வளவுக்கு அது பிழைக்கும் என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன். எது பிழைக்கும், எதைத் தின்று பிழைக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. முழு மதிப்பெண் கிடைத்தது.

"இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "சத்து மாத்திரையை மத்தியானம் போடுங்க. இதை ராத்திரி சாப்பிட்டப்புறம் போடுங்க. திரும்பப் பார்ப்போம். அப்பவும் அடங்கலைன்னா, வைரஸ் எப்படி மாறியிருக்குன்னு பார்க்க ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்புவோம்."

திரும்பும்போதும் மாமியார் முன் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார். அவர் என்னிடம் ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனா? ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவர் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"நைனா, கேட்டியா சேதி? நான் குடுத்த சுண்ணாம்பு மாத்திரையாலதான் இவ கிருமி மாறிச்சாம்."

நான் பின்கட்டிலிருந்து வந்தேன். "அத்தை மேல நான் ஒண்ணும் சொல்லலைங்க. டாக்டர்தான்..."

"நீ சொல்லல, டாக்டரு வாயில சொல்ல வெச்ச. நான் கைநாட்டு. பாட்டில் மேல இங்கிலீசுல எழுதிக் கீது. அத்தப் படிக்கத் தெரிஞ்சவ இந்த ஊட்ல யாரு? பி.எஸ்.சி. படிச்சவ, கைநாட்டு குடுத்தத வாயத் தொறந்து முழுங்கினா அது யாரு தப்பு?"

கணவர் செருப்பைச் சுவரோரம் வைத்தார். "விடும்மா" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம், "எங்கம்மா மேல பழி போட்டுக்கினு அலையாத. அவங்க உனக்கு நல்லதுதான் பண்ணாங்க" என்றார்.

யார் தப்பு என்ற மாமியாரின் கேள்வியை இன்றும் நானே கேட்டுக்கொள்கிறேன். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான்தான். ஆனால் தனித் தட்டில் சாப்பிடுகிறவள், கையில் வைத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடிந்திருக்குமோ? சில நாள் ஒரு பதில் சரியாகப் படுகிறது, சில நாள் மற்றது. எப்படிப் பார்த்தாலும் மாமியார் அதைச் சொன்ன வேகத்தை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கவரைப்பேட்டையில் பஸ் மாறும்போதே யோசித்து வைத்திருப்பார்.

மூன்று மாதம் டாக்டர் சொன்னபடி போட்டேன். கிண்ணியை மாமியார் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார். வைரஸ் அடங்கவில்லை. ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். என் உடம்பில் இருப்பது இடம் இடமாக மாறிவிட்டது. மாத்திரையில் இருக்கிற மூன்று மருந்தில் இரண்டு அதை ஒன்றும் செய்யாது. வேறு மருந்து தருகிறோம், அதற்கு அடங்கும், பயப்படாதீர்கள்.

நான் குழந்தையைப் பற்றிக் கேட்டேன்.

"இதுவரைக்கும் அவளுக்கு எதுவும் இல்லை. பால் வேற குடுக்கலை. வர வாய்ப்பு ரொம்பக் கம்மி."

"ஒருவேளை இருந்தா?"

அவர் சொல்ல விரும்பவில்லை. நான் விடவில்லை.

"இருந்தா, உங்ககிட்ட இருக்கிறதுதான் அவகிட்ட இருக்கும். மாறினது. சின்னக் குழந்தைக்குக் குடுக்கிற மருந்துல சிலது கேக்காது."

அதன் பிறகு கடைசிப் பரிசோதனை வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்று விவரிக்க முடியவில்லை. அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். வாயில் வெள்ளை படிகிறதா என்று விரலால் ஈறைத் தடவுவேன். அவள் தூங்கும்போது மூச்சு ஏறி இறங்குவதையே பார்ப்பேன். உள்ளே ஒரு கூட்டம் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறதோ என்று தோன்றும். அவள் நடக்க ஆரம்பித்தாள், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. "ம்மா" என்றாள். அந்த அறையில் கூப்பிட வேறு ஆள் இல்லை.

கடைசிப் பரிசோதனைக்கு நானும் அவளும் மட்டும் போனோம். டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பாப்பாவுக்கு இல்லை. முடிஞ்சுபோச்சு. இனிமே அவளை இங்க கூட்டிட்டு வரவே வேணாம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழந்தை என் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் உள்ளங்காலை முத்தமிட்டுக்கொண்டே வந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னா கண்ணு, அம்மா உன்ன துன்னுடுவா போலக்கீதே" என்று குழந்தையிடம் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியார் திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லவே இல்லையா? இனிமே வராதா? அவங்க வாயாலயே சொன்னாங்களா? ஆமாம் அத்தை, ஆமாம் அத்தை என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் எனக்கு அவர் மேல் இருந்த கசப்பெல்லாம் போய்விட்டது.

அவர் கையை நீட்டினார். அவள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. நான்தான் குழந்தையை எடுத்து அந்தக் கையில் கொடுத்தேன்.

வெந்நீர் போட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து, அவளைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். அவள் கத்தினாள். பின்னறையில் இருந்த அவளுடைய துணிகள், விரிப்பு, புளியங்கொட்டை போட்ட பாட்டில் எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். பிளாஸ்டிக் கருகிய நாற்றம் வந்தது. சாயங்காலம் அவளைத் தூக்கிவர நான் உள்ளே போனபோது, வாசல் நிலையில் கை வைத்து மறித்தார்.

"இனிமே அவ இங்கதான். சுத்தமா கீற புள்ளய சுத்தமா வெச்சிக்கணும்."

"அத்தை, தொட்டா வராது. டாக்டர் எத்தனையோ தடவை..."

"உன்து சாதாரணக் கிருமியா? மாறின கிருமி. மருந்துக்கே அடங்காதது. தொட்டா வராதுன்னு சொன்னது பழைய கிருமிக்கி. இது இன்னா பண்ணும்னு எந்த டாக்டருக்குத் தெரியும்?"

நான் கணவரைப் பார்த்தேன். குழந்தை அவர் தோளில் உட்கார்ந்து அவர் தலைமுடியைப் பிடித்திருந்தாள்.

"அம்மா சொல்றதுல இன்னா தப்பு?" என்றார். "புள்ள நல்லா இருக்கணும்னுதான உனக்கும்?"

ஆமாம். அதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கோயிலில், பஸ்ஸில், அடுப்படியில்.

எனக்கு இருக்கிற நோய்தான் அவள் உட்கார்ந்திருந்த தோளுக்கும் இருக்கிறது. ஆனால் அவருடையது சாது.

அந்த மாதமே பெரியபாளையத்து அம்மன் கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டார்கள். மாமியார் நேர்ந்துகொண்டிருந்தாராம், வேப்பிலைக் கொத்துகளை வேப்பஞ்சேலையாகக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றினார். நான் தேங்காய் பழத் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள உட்காரப் போனேன். மாமியார் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். சுற்றி சொந்தக்காரர்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்தினார்.

"கத்தி புடிக்கிற எடம். ஒரு கீறல் பட்டா ரத்தம் வரும். அந்த நேரத்துல நீ பக்கத்துல நிக்கலாமா? அறிவு இல்ல? தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். எவ்வளவு தள்ளி என்றால், நாலு மொட்டைக் குழந்தைகளும் அவர்களுடைய அம்மாக்களும் உட்கார்ந்திருந்த வரிசைக்கு அந்தப் பக்கம். மாமியார் மடியில் அவள் திமிறினாள். "ம்மா, ம்மா" என்று கத்தினாள். "எந்த அம்மாவக் கூப்புடறா பாரு, நீதான கையில வெச்சிக்கினு கீற" என்று ஒரு சொந்தக்காரி மாமியாரிடம் சொல்லிச் சிரித்தாள். கத்தி பின்மண்டையில் போகும்போது அவள் தலையைத் திருப்பி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். கையை நீட்டினாள். நான் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். காதுக்குப் பக்கத்தில் லேசாக ஒரு கீறல், கடுகளவு ரத்தம். மாமியார் மஞ்சளை அப்பினார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அப்போதுதான் அந்த நினைப்பு முதல் தடவையாக வந்தது. ஒருவேளை அவளுக்கும் இருந்திருந்தால்? மாறினதாகவே இருந்திருந்தால்? எங்கள் இரண்டு பேரையும் அந்த ஆஸ்பெஸ்டாஸ் அறையிலேயே விட்டிருப்பார்கள். யாரும் அவளைத் தொட்டிருக்க மாட்டார்கள். நான் விசிறிக்கொண்டிருப்பேன். பெற்றவள் இப்படி நினைப்பாளா? நினைத்தேன். தட்டில் ஏற்றியிருந்த கற்பூரம் அணைந்துபோனதை யாரோ சொல்லித்தான் பார்த்தேன்.

புது மருந்து வேலை செய்கிறது. போன தடவை பார்த்ததில் என் ரத்தத்திலும் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். அவரை நம்பி வீட்டில் சொன்னேன்.

"மொரடு படுத்துகினு கீது. அவ்ளோதான்" என்றார் மாமியார்.

இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பின்னறையில் உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொள்கிறேன். பாட்டிலைச் சத்தமில்லாமல் திறக்க முடியும். ஆனால் நான் கொஞ்சம் ஆட்டுவேன். மாத்திரைகள் கிலுகிலு என்று மோதிக்கொள்ளும். முதல் சில நாட்கள், உள்ளே விளையாடிக்கொண்டிருப்பவள் அந்தச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து வாசல்படியில் நிற்பாள். மாமியார் பின்னாலேயே வந்து தூக்கிப் போய்விடுவார்.

நேற்றும் வந்தாள். தலையில் முடி ஊசி ஊசியாக முளைத்திருக்கிறது. படியைத் தாண்டாமல் நின்று பாட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளேயிருந்து மாமியார் வரக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"கண்ணு, அது இன்னா? ஆயி, அசிங்கம். ஆயிகிட்ட போவலாமா? இன்னா சொல்லணும்?"

அவள் மூக்கைச் சுருக்கினாள். புதிதாகக் கற்ற வித்தையைச் செய்து காட்டும்போது குழந்தைகள் முகத்தில் வருகிற அந்தப் பெருமையோடு, என்னைப் பார்த்து, "ச்சீ" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் பாராட்ட வேண்டும் என்று காத்திருந்தாள்.

நானும் சிரித்தேன். அழுதால் பயந்துவிடுவாள்.